மூன்று நாளைக்கு ஒரு செய்தித்தாள்

“கழிவறை அந்தப் பக்கம். கால்ல இருக்கிற சேத்தை மட்டும் கொஞ்சம் உதறிட்டுப் போங்க!”

கோரா டட்டன் தலை நிமிராமலே சொல்லிவிட்டாள். அமெரிக்காவின் வெர்மான்ட் மலைக்குள் ஒடுங்கிக் கிடக்கும் ஹார்லோ ஊரின் நூலகத்தில் அவள்தான் நூலகர், அவள்தான் பெருக்குகிறவள், அவள்தான் எல்லாம். வெளியே அக்டோபர் மழை கொட்டு கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. ரோட்டு வேலைக்காரர்கள் மழையில் எதற்காக உள்ளே வருவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

“நான் பேப்பர் படிக்க வந்தேன்.”

நிமிர்ந்தாள்... ஆறடி உயரம். ஆரஞ்சு நிற வேலைச் சட்டை. தாடியிலிருந்து சொட்டும் மழைநீர். அதற்கு மேலே இரண்டு சாம்பல் நிறக் கண்கள்... கோபத்திலும் இவ்வளவு அழகாக இருக்க அந்தக் கண்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?

“ஏன் மேடம், பனி தள்ளுற வண்டி ஓட்டுறவன் பேப்பர் படிக்கக் கூடாதுன்னு சட்டம் ஏதாவது இருக்கா?”

கோராவுக்குக் காது வரை சிவந்துவிட்டது. தப்பு அவளுடையது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வாய் வரவில்லை. இருந்த ஒரே செய்தித்தாளையும் ஜன்னலோரக் கிழவர் ஒருவர் முகத்தில் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

“பரவால்ல... உங்க போன்லயே வர வெச்சுத் தரேன். நியூயார்க், பாஸ்டன், எந்த ஊர் பேப்பர் வேணும்? நூலக அட்டை இருந்தாப் போதும். எல்லாம் இலவசம்.”

“இலவசமா?” அவன் முகம் இறுகியது. “அப்ப வேண்டாம். பெனுவா குடும்பத்துல இதுவரைக்கும் யாரும் ஓசியில கை நீட்டினதில்ல.”

ஓசியா! கோராவுக்குச் சுருக்கென்றது. அவளை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அவள் நூலகத்தைச் சொன்னால் மட்டும் பொறுக்கமாட்டாள்.

“யாருய்யா ஓசின்னு சொன்னது? வரி கட்டுறீங்கல்ல? அப்ப உங்க காசுலதான் இந்தச் சந்தாவே ஓடுது! நீங்க பனி தள்ளின ரோட்டுல தினம் நான் நடக்கிறேனே, அது ஓசியா? நீங்க போடுற பிச்சையா?”

அவன் கண்ணோரம் லேசாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

“எங்க கையெழுத்துப் போடணும்?”

லூசியன் பெனுவா என்று எழுதிவிட்டு, குரலைத் தாழ்த்தினான். “நான் இங்க வந்து படிக்கிறது வெளிய தெரிய வேண்டாம். சந்தா கட்ட வக்கில்லாம நிறுத்திட்டான்னு பேசுவானுங்க.”

நிறுத்தியிருக்கிறான்... அதுதான் இந்த வீறாப்பு! கோராவின் கோபம் போன இடம் தெரியவில்லை.

“யார் என்ன படிக்கிறாங்கன்னு இந்த மேசையைத் தாண்டி ஒரு வார்த்தை போகாது. இது என் தொழில் தர்மம்.”

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. ஒருமுறை வாங்கிய அனுமதி மூன்று நாள்தான் செல்லும். பிறகு நூலகத்தின் வலைப்பக்கத்துக்குப் போய், அட்டை எண்ணைப் போட்டுப் புதுப்பிக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்தே அரை நிமிடத்தில் முடித்துவிடலாம். விளக்கமாகச் சொல்லித்தான் அனுப்பினாள்.

நான்காம் நாள் வந்து நின்றான். “நின்னு போச்சு.”

மறுபடி சொல்லிக் கொடுத்தாள். மூன்று நாள் கழித்து, “நின்னு போச்சு.” மறுபடி... மறுபடி... மழை போய்ப் பனி வந்தது. லூசியனும் தவறாமல் வந்தான். ஒரே போனின் மேல் இரண்டு தலைகள் குனியும். அவன் சட்டையில் விறகுப் புகையின் வாசம் அடிக்கும்.

“இவ்ளோ பெரிய வண்டியைப் பனியில ஓட்டுறீங்க... நாலு பொத்தானை அமுக்கத் தெரியலையே!”

“வண்டி என்னைத் திட்டாது மேடம்... அதான் சீக்கிரம் வந்துடுச்சு.”

மக்கு, மக்கு, சரியான மக்கு என்று மனசுக்குள் வைவாள். வைதுவிட்டு, அவன் வரும் நாளில் மட்டும் தலையை இரண்டு முறை சீவிக்கொள்வாள்.

மார்ச் முதல் செவ்வாய். ஊர்க்கூட்டம். ஹார்லோவில் எந்தச் செலவாக இருந்தாலும் அன்று ஊரே பள்ளிக்கூட அரங்கில் கூடிக் குரல் கொடுத்துத்தான் முடிவு செய்யும். ஊர்க் குழு உறுப்பினர் எல்ட்ரிட்ஜ் எழுந்தார்.

“நூலகத்தோட அந்த ஆன்லைன் பேப்பர் சந்தாவை வெட்டிடலாம்னு சொல்றேன். வேணும்கிறவன் சொந்தக் காசுல படிக்கட்டும். கோரா, அதை யாரு உபயோகிக்கிறா? ஒரே ஒரு பேர் சொல்லு பாப்போம்!”

கோரா எழுந்தாள். நாக்கு நுனியில் நாற்பது பேர் இருந்தார்கள். ஒரே ஒரு பெயரைச் சொன்னால் போதும், சந்தா தப்பிக்கும். பின்சுவரோரம் அவன் நிற்கிறான்... திரும்பவில்லை அவள். திரும்பிப் பார்ப்பதே காட்டிக்கொடுப்பதுதானே?

“பேர் சொல்ல மாட்டேன் சார். சொன்னாத்தான் சந்தா தப்பிக்கும்னா, அது போகட்டும். ஆனா இந்த வேலைக்கு வந்ததுல இருந்து நான் நெஞ்சை நிமித்திச் சொல்லிக்கிற மாதிரி ஒண்ணு செஞ்சேன்னா, அது இதுதான்.”

உட்கார்ந்தாள்.

“அப்ப யாருமே இல்ல!” என்றார் எல்ட்ரிட்ஜ்.

“நான் இருக்கேன்.”

அரங்கமே பின்னால் திரும்பியது. லூசியன் தொப்பியைக் கையில் எடுத்திருந்தான். அந்த ஆறடி உடம்பு அத்தனை பேர் பார்வையிலும் கூசி நின்றது.

“சந்தா கட்ட முடியாம என் பேப்பரை நிறுத்தினேன். சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. நூலக அட்டையிலதான் படிக்கிறேன். ஓசின்னு நெனச்சேன், அந்தப் பொண்ணுதான் உறைக்கிற மாதிரி சொல்லுச்சு, இது நம்ம சொத்துன்னு.” தொப்பியைக் கையில் ஒரு சுற்று சுற்றினான். “அப்புறம்... மூணு நாளைக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். அதை நான் மொத நாளே கத்துக்கிட்டேன். அவளைப் பாக்கணும்னுதான் குளிர்காலம் பூரா தெரியாத மாதிரி நடிச்சேன்.”

அரங்கமே சிரிப்பில் அதிர்ந்தது. கூட்டத் தலைவர் சுத்தியலைத் தட்டினார்.

“கடைசியில சொன்னது தீர்மானத்துக்குச் சம்பந்தமில்லாத பேச்சு!”

“நானும் படிக்கிறேன்!” என்றாள் பால் பண்ணைக்காரி. “நானும்!”, “எங்க வீட்லயும்!” என்று வரிசையாக எழுந்தார்கள். சந்தா தொடர வேண்டும் என்பவர்கள் குரல் கொடுக்கலாம் என்றார் தலைவர். எழுந்த ஓசையில் எல்ட்ரிட்ஜ் தானாகவே உட்கார்ந்துவிட்டார்.

மதிய விருந்துக்கு எல்லோரும் அவரைக்கறியும் ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரமும் வாங்க வரிசையில் நின்றார்கள். லூசியன் மட்டும் வெளிப்படியில் தூறலில் நின்றுகொண்டிருந்தான். கோரா அவனருகில் போனாள். கண் கலங்கியிருந்தது. தலை மட்டும் குனியவே இல்லை.

“ஊர் முன்னாடி அப்படிச் சொல்ல எவ்ளோ வலிச்சிருக்கும் உங்களுக்கு... எனக்கு எவ்ளோ பெருமையா இருக்கு தெரியுமா?”

“ஏமாத்தினதுக்குக் கோபம் இல்லையா?”

“கோபப்பட எனக்கு மூஞ்சி ஏது?” கோரா மழையைப் பார்த்தபடி சொன்னாள். “எப்படிப் புதுப்பிக்கிறதுன்னு படிப்படியா அச்சடிச்ச தாள் ஒரு கட்டு என் இழுப்பறையில கிடக்கு. அட்டை வாங்குற எல்லாருக்கும் மொத நாளே ஒண்ணு குடுத்துடுவேன்... உங்களுக்கு மட்டும்தான் குடுக்கல.”