சுமலதா பிரான்சில் இருக்கிறாள்

உப்பளத்தில் அந்த வீட்டுக்கு நாங்கள் குடிபோனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாமான் வண்டி முன்னால் போக, நான் தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு ஆட்டோவில் பின்னால் போனேன். எட்டு கீமோவும் முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. தலையில் முடி இல்லை, புருவம் இல்லை, விரல் நுனிகளில் உணர்வும் இல்லை. அந்த மருந்து நரம்பைத் தொட்டுவிடுமாம். சூடான டம்ளரைப் பிடித்தால் சுடுகிறதா என்றுகூட எனக்குத் தெரியாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பேய் பயம் கிடையாது. லேப் ரிப்போர்ட் பயம்தான். என் மகள் நித்திலாவுக்கு அப்போது எட்டு வயது. அவள் வயதுக்கு வரும்போது பக்கத்தில் நான் இருக்க வேண்டும். சாமியிடம் வேறு எதையும் நான் கேட்கவில்லை.

பழைய வீடு. முன்கட்டில் நாங்கள், பின்கட்டில் வீட்டுக்காரர் கலியபெருமாள், நடுவில் முற்றம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். தெருவில் எல்லோருக்கும் அவர் 'சொல்தா'; பிரெஞ்சில் சிப்பாய் என்று அர்த்தம். எண்பது வயதிலும் முதுகு வளையாத மனிதர். வாசல் பக்கத்து அறையை அவரே திறந்து காட்டினார்.

"இதுல படுத்துக்கம்மா. நல்லா காத்து வரும். என் மக சுமலதா இருந்த ரூமு."

"இப்ப எங்க இருக்காங்கய்யா?"

"பிரான்ஸ்ல."

பாண்டிச்சேரியில் இந்தப் பதிலுக்கு மேல் யாரும் துருவுவதில்லை. பூட்டிக் கிடக்கும் வீடா, பிரான்ஸ். சித்தப்பா சாவுக்கு வராத அண்ணனா, பிரான்ஸ். ஓர் ஆள் பத்து வருஷமாகக் கண்ணில் படவில்லை என்றால் பிரான்சில் நன்றாக இருக்கிறார் என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

காலையில் கணவர் கமலக்கண்ணன் வேலைக்கும் நித்திலா பள்ளிக்கும் போய்விடுவார்கள். மதியம் ஒன்றரை ஆனால் ஊரே ஷட்டரை இறக்கிவிடும். நான்கு மணிவரை தெருவில் நாய்கூட நடக்காது. அந்த இரண்டரை மணி நேரத்தில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். வேண்டாத நினைப்பெல்லாம் அப்போதுதான் வரும்.

அதைப் போக்கியவர் எதிர் வீட்டு ஜீனத்துன்னிசா அக்கா. பிளவுஸ் தைக்கிறவர். ஒரு நாள் நோன்புக் கஞ்சி கொண்டுவந்தவர், டம்ளரைப் பிடிக்க நான் படும் பாட்டைப் பார்த்துவிட்டு மறுநாள் ஊசியும் நூலும் துணித் துண்டுகளுமாக வந்து உட்கார்ந்தார்.

"விரலுக்கு வேல குடுத்தாத்தான் உசுரு வரும். ஒட்டுப்போர்வை தெய்யி. எங்க வீட்ல யாராச்சும் பெரிய நோவுல இருந்து எழுந்தா, தெரிஞ்சவங்க உடுத்தின துணியில ஆளுக்கொரு துண்டு வாங்கி தெச்சிப் போத்துவோம்."

"எதுக்குக்கா?"

"ஆளுக்கொரு நாள் ஆயுசு குடுக்கறாங்கன்னு எங்கம்மா சொல்லும். ஆயுசு குடுக்கறவன் அல்லா, துணி குடுக்கறது நாம. ஒண்ணே ஒண்ணு, உசுரோட இருக்கறவங்க துணியாத்தான் இருக்கணும். கேட்டு வாங்கணும். ஒவ்வொரு தையலுக்கும் அவங்க பேரச் சொல்லணும்."

நான் சிரித்தேன். ஆனால் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன்.

அந்த இரண்டு வாரம் போல நான் சந்தோஷமாக இருந்து வெகுநாள் ஆகியிருந்தது. ஜீனத் அக்காவின் பச்சைத் துப்பட்டா, கணவரின் கட்டம் போட்ட லுங்கி, ஆட்டோக்கார வெற்றிவேலின் காக்கிச் சட்டை, தேங்காய்த்திட்டிலிருந்து மீன் கொண்டுவரும் தனக்கொடி அம்மாவின் சிவப்புச் சேலை. மூன்று முறை அலசியும் அந்தச் சேலையில் வஞ்சிரம் வாசம் போகவில்லை. கட்டிலில் பரப்பிவைத்து, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று மாற்றி மாற்றி அடுக்குவேன். சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை வந்து உட்காரும்போது மனசு நிறைந்துவிடும். மத்தியில் நித்திலாவின் மஞ்சள் கவுன் துண்டை வைத்தேன். என் தையல் கோணல்மாணலாகத்தான் போனது. ஊசி குத்தினாலும் வலி தெரியாது. துணியில் சிவப்புப் பொட்டு விழுந்த பிறகுதான் குத்தியதே தெரியும். இருந்தாலும் நான் செய்கிற ஒரு காரியம் நாளுக்கு நாள் வளர்ந்தது. உடம்புக்குள் வளர்ந்ததை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

மஞ்சளுக்குப் பக்கத்தில் ஓரிடம் மிச்சம் இருந்தது. சொல்தா ஐயாவிடம் கேட்டேன். விஷயத்தை முழுசாகக் கேட்டுக்கொண்டவர் உள்ளே போய் வெகுநேரம் கழித்து வந்தார். கையில் வெள்ளைப் பூப்போட்ட நீலத் துண்டு.

"என் பேரு வேணாம்மா. இது சுமலதா கவுனு. அவ பேரச் சொல்லித் தெய்யி." பிறகு, "வெளியூர்ல இருக்கறவ பேரச் சொன்னாலும் அவளுக்குக் கேக்கும் இல்ல?" என்றார்.

"கேக்கும்யா" என்றேன். பாவம், மகளைப் பிரிந்திருக்கிற மனுஷன்.

மறுநாள் மதியம் அதைப் பொருத்தினேன். சுமலதா என்று ஒரு தையல். சுமலதா என்று இன்னொன்று. கால்வாசி தைப்பதற்குள் களைப்பாகிவிட, மடித்து வைத்துவிட்டுத் தூங்கினேன்.

எழுந்தபோது முக்கால்வாசி தைத்திருந்தது.

கீமோ மறதி என்று ஒன்று உண்டு. பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறப்பேன், வந்தவர் பெயரை மறப்பேன். நானே தைத்துவிட்டு மறந்திருப்பேன் என்று நினைத்தேன். ஆனால் தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என் தையல் எறும்பு தடுமாறிப் போனது மாதிரி இருக்கும். இது அரிசி மணியைவிடச் சின்னதாக, நெருக்கமாக, நேராக ஓடியது. நீலத்தில் தொடங்கி மஞ்சளுக்குள் போயிருந்தது.

அந்த வாரம் ரத்தப் பரிசோதனை. ஏறியிருக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் இறங்கியிருந்தன. டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எட்டு நாள் பாப்போம்மா. இதுக்கும் கீழ போச்சுன்னா அட்மிட் ஆகணும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நான் போர்வையைத்தான் எடுத்தேன். பயம் வந்தால் கைக்கு வேலை வேண்டும். மணி இரண்டு. வெயில் முற்றத்தில் அசையாமல் நின்றது. அறைக்குள் ஸ்பிரிட் வாசம் அடித்தது. ஊசி போடும் முன் பஞ்சில் தடவுவார்களே, அந்த வாசம். ஆஸ்பத்திரி வாசம் என் உடம்பிலிருந்தே வருகிறது என்று நினைத்தேன். கூடவே வாடிய மல்லிகை. எனக்கு வைக்கத் தலையில் முடியே இல்லை.

"சுமலதா" என்று ஊசியை இறக்கினேன்.

"ம்."

மிக மெதுவாக. தூக்கத்தில் கூப்பிட்டால் குழந்தை சொல்லுமே, அப்படி.

நான் அசையவில்லை. மின்விசிறி சுற்றியது. தெருவில் சத்தமே இல்லை. வாய் தானாக அடுத்ததைச் சொன்னது. இரண்டு வாரப் பழக்கம்.

"சுமலதா."

"ம்."

போர்வைக்கு அடியில் என் இடது கை இருந்தது. துணியைத் தாங்கிப் பிடித்திருந்த கை. அந்த விரல் நுனிகளில் நாலு மாதமாக எதுவும் தெரிந்ததில்லை.

இப்போது தெரிந்தது.

இன்னொரு விரல். குளிர்ந்த, ஈரமான விரல் நுனி, என் நுனியோடு வந்து ஒட்டிக்கொண்டது. பிறகு அடியிலிருந்து ஊசி மேலே வந்தது. நான் குத்தாத ஊசி.

போர்வையை உதறிவிட்டு வாசலுக்கு ஓடினேன். ஓடினேன் என்று சொல்வது பெருமைக்கு. சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனேன். நல்லவேளை, வியாபாரம் முடித்துக் காலிக் கூடையோடு தனக்கொடி அம்மா போய்க்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கூடையை இறக்கிவிட்டு உள்ளே வந்து என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். கீழே கிடந்த போர்வையை எடுத்து மடிக்கப்போனவர் நின்றுவிட்டார்.

"இந்த நீலத்துணி ஏதும்மா?"

"வீட்டுக்காரர் மகளோடது. பிரான்ஸ்ல இருக்காங்களே."

"இன்னாது, பிரான்ஸா?" அவர் குரல் அடங்கிவிட்டது. "முப்பது வருஷமா இந்தத் தெருவுல மீன் போடறேன். அந்தப் பொண்ணு செத்து பதினெட்டு வருஷம் ஆவுது. ரத்தத்துல ஏதோ நோவு. கான்வென்ட்டுல தையல் கத்துக்கிட்டது, படுத்த படுக்கையாவும் தெச்சிக்கினே இருக்கும். இந்தக் கவுனோடதான் உக்காந்து கெடக்கும்."

"எங்க?"

அவர் என் கட்டிலைப் பார்த்தார்.

ஜீனத் அக்காவை அழைத்துவந்தோம். அந்தச் சாவுக்குப் பிறகு இந்தத் தெருவுக்குக் குடிவந்தவர்; அவரும் இத்தனை நாள் பிரான்ஸ் என்றே நினைத்திருந்தார். போர்வையைத் தொடாமல் தள்ளியே நின்றார்.

"பிரிச்சிடு. இப்பவே. குடுக்க ஒண்ணும் இல்லாதவங்க, எடுத்துக்கத்தான் செய்வாங்க."

என் தையல்கள் இழுத்தவுடன் வந்துவிட்டன. அந்தச் சின்னத் தையல்கள் வரவில்லை. கத்தரி நுனி உள்ளே போகவில்லை, அவ்வளவு இறுக்கம். நித்திலா பள்ளியிலிருந்து வருவதற்குள் முடிக்க வேண்டும் என்ற ஒரே நினைப்பில் இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்தேன். பக்கத்துத் துணியும் கொஞ்சம் கிழிந்தது. கிழியட்டும் என்று, நீலத்தை முற்றத்தைத் தாண்டிக் கொண்டுபோய் நீட்டினேன்.

"ஐயா, இது வேணாம்."

அவர் இரண்டு கையாலும் வாங்கினார்.

"வந்தாளா?"

நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"பதினெட்டு வருஷமாக் கூப்பிடறேன்மா. எனக்கு ஒரு தடவகூட பதில் சொல்லல."

"செத்துப்போனவங்களப் போயி ஏன்யா பிரான்ஸ்ல இருக்காங்கன்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"பிரான்ஸ்ல இருக்கறவங்க லீவுக்கு வருவாங்க இல்லம்மா?" என்றார் அந்த மனிதர்.

அவருக்குப் பின்னால் ஒரு கட்டில். வெள்ளை விரிப்பு, ஒரே ஒரு தலையணை. தலையணை மேல் கத்தரி, நூல்கண்டு, நூல் கோத்துத் தயாராக வைத்த ஊசி. அவர் நீலத்துண்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "நல்லா ஆரம்பிச்சிருக்கா. மீதிய நான் தெச்சிக்கறேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த வாரமே வீட்டைக் காலி செய்து ஆற்றைத் தாண்டி அரியாங்குப்பம் வந்துவிட்டோம். கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பினாரா தெரியாது, ஆனால் மறுபேச்சுப் பேசவில்லை. போர்வையைச் சுருட்டிப் பரண்மேல் போட்டேன். ஊசி, நூல் எல்லாவற்றையும் ஜீனத் அக்காவிடமே கொடுத்துவிட்டேன். வீட்டில் ஒரு குண்டூசிகூட வைத்துக்கொள்ளவில்லை.

அடுத்த பரிசோதனையில் அணுக்கள் ஏறின. ரேடியேஷன் முடிந்தது. தலையில் பூனை முடி முளைத்தது. ஒரு காலை டம்ளரைப் பிடித்தபோது 'ஸ்ஸ்' என்று கையை உதறினேன். சுட்டது! அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். மூன்றாம் மாத ஸ்கேன் சுத்தமாக வந்தது. டாக்டரே சிரித்தார்.

போன சனிக்கிழமை நித்திலாவுக்கு விடுமுறை. அந்தப் போர்வையை முடித்துவிடலாமே என்று திடீரென்று ஆசை வந்தது. எவ்வளவு சந்தோஷம் கொடுத்த போர்வை அது. பரணிலிருந்து இறக்கி விரித்தேன். பச்சை இருந்தது, காக்கி இருந்தது, வஞ்சிரம் வாசம்கூட இருந்தது. நீலம் இருந்த இடத்தில் ஓட்டை.

ஓட்டையை ஒட்டி இருந்த மஞ்சள் துண்டு பாதிதான் இருந்தது.

மீதிப் பாதி நீலத்தோடு போயிருக்கிறது. அந்த இறுகிய தையலோடு. நானே கிழித்து, நானே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்திருக்கிறேன்.

கூடத்துச் சுவரில் மணி இரண்டு. தெருவில் சத்தமே இல்லை.

"அம்மா" என்று நித்திலா அறையிலிருந்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது. வலது கையை இடது கையால் பிடித்திருந்தாள். "ஊசி குத்துதும்மா."

"ஏதுடி ஊசி? நம்ம வீட்ல ஊசியே இல்லியே."

"தெரியல. யாரோ என் பேரச் சொல்லிக்கிட்டே இருக்காங்க. ஒவ்வொரு வாட்டி சொல்றப்பவும் குத்துது."

கையை விரித்துக் காட்டினாள். ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு சிவப்புப் பொட்டு. நடுவிரலில் ஒன்று. நான் அந்தக் கையை வாரி என் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டேன். இப்போது என் விரல்களுக்கு எல்லாம் தெரிகிறது. குழந்தையின் சூடு தெரிந்தது, நாடி துடிப்பது தெரிந்தது.

பொத்திய கைக்குள், ஈரமாக, மூன்றாவது பொட்டு எழும்பியதும் தெரிந்தது.