எந்தப் பெயருக்கும் வருபவள்

முதலில் கூப்பிட்ட பெயர்களை எல்லாம் அந்தக் காலி வீடு எதிரொலித்துத் திருப்பித் தந்தது. கடைசிப் பெயரை மட்டும் தனக்கென்று வைத்துக்கொண்டது.

நாவலாசிரியை கூடத்தின் நடுவே நின்று காதைத் தீட்டிக்கொண்டாள். புது நாவல் தொடங்கும்போதெல்லாம் அவள் இப்படித்தான். கதை நடக்கத் தோதான ஒரு வீட்டைத் தேடிப் பிடிப்பாள். அதில் நின்று, பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி பெயர்களைச் சத்தமாகக் கூப்பிட்டுப் பார்ப்பாள். வாயில் ஒட்டுகிற பெயர்தான் நிலைக்கும்.

வீட்டைக் காட்டிய தரகர், "பாத்துட்டு சாவியைக் கீழ் வீட்டுல குடுத்துடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு மழைக்கு முந்தி ஓடிவிட்டார்.

இந்த முறை கதையில் ஒரு சின்னப் பெண். அவளுக்குத்தான் பெயர் அகப்படவில்லை.

"எந்தப் பேர் வேணா வை," என்று காலையில் கணவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்லியிருந்தான். "நம்ம பொண்ணு பேரை மட்டும் வைக்காத. என்னால தாங்க முடியாது."

மகள் காய்ச்சலில் போய் இரண்டு வருடம். அதற்குப் பிறகு அந்தப் பெயர் இருவர் வாயிலும் வந்ததில்லை.

வெளியே மழை வலுத்தது. பழைய சுண்ணாம்பின் ஈர வாடையும், வெகுநாள் பூட்டிக் கிடந்த அலமாரிகளின் புழுக்கமும், எங்கிருந்தோ மெல்ல மெல்ல, குழந்தையின் தலையில் காய்ந்த எண்ணெயின் மணமும் அந்தி இருட்டோடு சேர்ந்து கூடத்துக்குள் கசிந்தன.

"என்னம்மா?"

கடைசி அறையிலிருந்து.

மகளின் குரல் இல்லை. அதுதான் முதலில் வலித்தது. பயம் பிறகுதான் வந்தது.

வேறொரு பெயரைக் கூப்பிட்டாள்.

"இதோம்மா." கொஞ்சம் கிட்டத்தில்.

இன்னொரு பெயர்.

"வரேம்மா." கதவுக்குப் பின்னால்.

"யாரு நீ?"

"நீ யாரைக் கூப்பிட்டாலும் நான்தாம்மா."

வாசல் கதவு முதுகுக்குப் பின்னால் திறந்துதான் இருந்தது. ஓடியிருக்கலாம். கால் வரவில்லை. இரண்டு வருடமாகத் தொண்டையில் கிடந்தது மட்டும் வெளியே வந்தது. மகளின் பெயர்.

மழைச் சத்தம் நின்றது.

கடைசி அறையின் கதவு திறந்தது.

மகளின் உயரம். மகளின் மெலிந்த தோள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பான வெறும் தோல், அவளை நோக்கி நிமிர்ந்திருந்தது.

"எப்படி இருக்கணும்? சொல்லும்மா."

அது மகள் இல்லை. அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தே மண்டியிட்டாள்.

"கண்ணு..." என்று தொடங்கினாள். "கண்ணு பெரிசா இருக்கும். சிரிச்சா இடது கண்ணு மட்டும் சுருங்கும்."

தோல் இரண்டு இடத்தில் கிழிந்தது. கண்கள் திறந்தன. பெரிய கண்கள்.

இடது கண் சுருங்கியது.

"அப்புறம்?" என்றது, வாயில்லாமல்.