துணைநடை

நாற்பத்தொரு மணி நேரம். மருத்துவமனையின் இரண்டாவது மாடியில் ஜன்னலிலிருந்து லிஃப்ட் வரை, லிஃப்டிலிருந்து ஜன்னல் வரை சங்கவி நடந்துகொண்டிருந்தாள். மணிக்கு இருபது நிமிடம் நடந்தால் போதும், மீதி நேரம் தூங்கலாம் என்றார்கள். அப்படித் தூங்கியவர்கள் யாருமில்லை.

அவள் கெண்டைக்காலில் துணைநடைப் பட்டை. உள்ளே படுத்திருந்த மாமியார் அமுதவல்லியின் காலில் அதன் இணை உறை. இவள் அடி வைத்தால் அங்கே தசை இறுகித் தளர்ந்தது. ரத்தம் தேங்காமல் ஓடியது. தேங்கினால் உறையும். உறைந்த கட்டி நுரையீரலுக்கு ஏறினால் உயிர் போகும். கர்ப்பப்பையை எடுத்த தையல் கசியும் என்று ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தை அவருக்குக் கொடுக்கவில்லை. இயந்திரம் ஒரே சீராக அமுக்கினால் தசை பழகிச் சோம்பிவிடுகிறது. மனித நடைக்குத்தான் அது விழித்திருந்தது.

"எம் மகன் நடக்கட்டும்" என்று அமுதவல்லி முன்பே சொல்லியிருந்தார். சங்கவியின் வலது கால் சிறுவயது விபத்தில் அரை அங்குலம் குட்டையாகிப் போனது. "நொண்டி நடையெல்லாம் எனக்கு வேணாம்."

தினகர் மூன்று மணி நேரம் நடந்தான். பிறகு குதிகால் வலிக்கிறது என்று நாற்காலியில் சாய்ந்தவன்தான். சங்கவி பட்டையைக் கழற்றித் தன் காலில் கட்டிக்கொண்டாள். அவன் குறட்டை மட்டும் சீராக இருந்தது.

அம்மா கண் விழிக்கும்போதெல்லாம் அவன் எழுந்து நின்றான்.

"ஏய்யா, ஓஞ்சு போயிட்டியே. சங்கவி, அவனுக்கு ஒரு காப்பி வாங்கிக் குடும்மா. சும்மாதானே சுத்துற?"

"சரிங்கத்தை."

அவள் நடந்தே போய் வாங்கி வந்தாள்.

காலையில் செவிலியர் உறையைக் கழற்றினார். "கட்டி எதுவும் இல்ல. எந்திரிங்கம்மா, நடந்து பாக்கலாம்."

அமுதவல்லி எழுந்தார். இடது கால் ஊன்றியது. வலது கால் ஊன்றியதும் இடுப்பு அந்தப் பக்கமாக இறங்கியது. இன்னொரு அடி. மறுபடியும்.

"என்னம்மா இது? எங்காலு நல்லாத்தானே இருந்துச்சு?"

"நடந்தவங்க நடை ஒட்டிக்கிடும்மா. இப்பத்தான் நிறைய பேருக்கு இப்படி வருது. போகுமான்னு இன்னும் தெரியல" என்றார் செவிலியர். "யாரு நடந்தது?"

"எம் மகன்தான்." சொல்லிவிட்டு அமுதவல்லி திரும்பினார். "அப்படித்தானேய்யா?"

தினகர் குனிந்து நாற்காலிக்கடியில் செருப்பைத் தேடினான்.

சங்கவிக்குப் பொய் சொல்லவும் தெம்பில்லை.

"நான்தான் நடந்தேன், அத்தை."