பூச்சுக்கு அடங்காத தகடு

மேம்பாலத்தை ஒட்டிய எங்கள் பழைய வீட்டுக்குப் பூச்சுக்காரர் காலையிலேயே வந்துவிட்டார். பாலத்தில் லாரி போகும்போதெல்லாம் மாடியறைச் சுவரில் அடித்திருந்த இரும்புத் தகடுகள் உறுமும். அதிர்வை விழுங்கும் பாலிமர் பூச்சு தடவினால் அடங்கிவிடும் என்றார். கறுப்புப் பசை, ரப்பர் கருகிய வாடை.

காய்ந்ததும் ஒவ்வொரு தகட்டையும் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். பூச்சு பிடித்த தகடு 'தொப்' என்று செத்த ஒலி எழுப்பும். எல்லாம் செத்தன. உறுமல் நின்றது.

அப்போதுதான் அது கேட்டது.

நங்.

மூலைத் தகடு.

"நீங்க தட்டினீங்களா?"

"சுத்தியல் பைக்குள்ள இருக்குங்க ஐயா," என்று முணுமுணுத்தார். "இன்னொரு கை பூசிப் பாக்கறேன்."

பூசினார்.

நங். நங்.

என் தம்பி மூச்சிரைக்க மாடியேறி வந்தான். "தடிமனா பூசச் சொல்லுங்கண்ணா. தகட்டைக் கழட்ட வேணாம்."

கழற்றுவதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை.

சில வருஷங்களுக்கு முன், தன் பெண்டாட்டி எவனோடோ ஓடிப்போனாள் என்று இவன் சொன்ன வாரத்தில்தான், ஆளே வைக்காமல், தானே இந்தத் தகடுகளை அடித்தான். இவனை நம்பி, எங்கள் குடும்பம் அவளைத் தலைமுழுகியிருந்தது.

"கழட்டுங்க," என்றேன் பூச்சுக்காரரிடம்.

"அண்ணா, குடும்ப மானம்..."

"அதை உன் வாயால சொல்லாதடா, நாயே!"

தகடு விழுந்தது. சுவரைக் குடைந்த பள்ளத்தில் அவள் குறுகி உட்கார்ந்திருந்தாள். எலும்பும் சேலையுமாக.

தகட்டின் உட்புறமெங்கும் நகக்கீறல்கள்.

உயிரோடு உள்ளே வைத்துத் தகடு அடித்திருக்கிறான். நாங்கள் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்போம். பாலத்து இரைச்சலில் எதுவும் கேட்டிருக்காது.

அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துப்போய் நானே போலீசில் ஒப்படைத்தேன். தகடுகளையெல்லாம் பிடுங்கி எறிந்தேன். பிறகு அவள் அண்ணனை அழைத்துவந்து அந்த அறையில் நிறுத்தி, நிமிர்ந்து நின்று உரக்கச் சொன்னேன்: "உங்க தங்கை மேல ஒரு குத்தமும் இல்ல. மானங்கெட்டது எங்க வீடு."

அவர் என் முகத்தையே பார்த்தார்.

"என்ன சம்பந்தி, வாய மட்டும் அசைக்கிறீங்க?"

தொண்டை கிழியக் கத்தினேன். அவர் பேசியது எனக்குத் துல்லியமாகக் கேட்டது. பாலத்தில் போன லாரியின் சத்தமும் கேட்டது.

என் குரல் என் காதுக்கே எட்டவில்லை.

அந்த அறையில் இப்போது குரலை விழுங்கத் தகடும் இல்லை, பூச்சும் இல்லை.