உச்சி வெயிலில் நிற்பவள்

இந்தக் கதையை நான் சரியாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே சந்தேகம். என்னிடம் சொன்னவளும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரி சொன்னாள். அந்த வீட்டின் கதவு என்ன நிறம் என்று கேட்டால் ஒருநாள் பச்சை என்பாள், இன்னொரு நாள் கதவே கிடையாது, வெறும் திரைதான் என்பாள். ஆனால் தொலைநோக்கி வழியாக அவள் கண்டதை மட்டும் ஒரு சொல்கூட மாற்றிச் சொன்னதில்லை. அதனால் அதை நம்புகிறேன். மற்றதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் இளையாள். சர்வேயருக்கு இரண்டாம் தாரம். கல்யாணத்துக்கு முன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை பார்த்தாள். அவர் கண்ணாடி மாற்ற வந்தவர். எதிரே மாட்டிய பலகையில் எழுத்தைப் படிக்கச் சொன்னால், பலகையைத் தாண்டி, சுவரையும் தாண்டி எதையோ பார்த்தார். அந்தப் பார்வையில்தான் அவள் விழுந்தாள். என்றாவது ஒருநாள் அதை நம் பக்கம் திருப்பிவிடலாம் என்று நினைத்தாள்.

"கண்ணாடிக் கடையில உட்கார்ந்துக்கிட்டு, கண்ணு தெரியாத ஆளாப் பார்த்துப் பிடிச்சிருக்கியே!" என்று அவள் அக்கா கிண்டல் செய்தாள்.

மூத்தாள் இறந்துவிட்டாள் என்பது மட்டும் இளையாளுக்குத் தெரியும். எப்படி என்று கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முன் கேட்கிற கேள்வியா அது?

ஜீப் அந்த வெட்டவெளியை அடைந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. டிரைவர் வாய் ஓயாத ஆள். வண்டியின் வேகத்தைக் குறைத்துக் கையை நீட்டினான்.

"அக்கா, அதோ தண்ணி தெரியுதா?"

தெரிந்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை பளபளவென்று ஏரி. அதன் நடுவில் ஒரு குன்று மிதந்தது.

"அடேயப்பா, எவ்வளவு பெரிய ஏரி!"

"சோப்பு கொண்டாந்திருந்தா போய்க் குளிச்சுட்டு வாங்க. வரும்போது எனக்கும் ஒரு குடம் பிடிச்சுட்டு வாங்க." சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். "சொட்டுத் தண்ணி கிடையாது அக்கா. காஞ்ச ஏரி. அம்புட்டும் கானல்."

சர்வேயர் சிரிக்கவில்லை. யாரும் கேட்காமலே பேசினார்.

"கானல்னா பொய்யின்னு நினைச்சுடாதே. தரை சுடும்போது தரையை ஒட்டின காத்து லேசாயிடுது. வெளிச்சம் அதுல வளைஞ்சு கண்ணுக்கு வருது. நீ பார்க்கிறது தண்ணி இல்லை, வானம். கானல் இல்லாததைக் காட்டாது. எங்கேயோ இருக்கிறதை இடம் மாத்திக் காட்டும். அவ்வளவுதான்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. நம்மிடம் மனம்விட்டுப் பேசுகிறார் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. அவர் யாரைப் பற்றிப் பேசினார் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஏரியின் கரையில் தனியாக ஒரு பழைய வீடு. முன்னால் வராந்தா, உள்ளே ஒரே அறை, பின்பக்கம் குளியலறை. சுவரில் கை வைத்தால் உப்பு உதிர்ந்தது. வராந்தாவின் ஓரத்தில் முக்காலி மேல் அளவைத் தொலைநோக்கி நின்றது. எப்போதும் அங்கேயேதான் நிற்கும். ஏரியின் குறுக்கே சாலை போடுவதற்காக மேடு பள்ளம் பார்க்கிற வேலை சர்வேயருக்கு.

வேலை காலையில் நடக்கும். உதவியாள் உயரமான அளவுக்கோலைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குள் தூரமாகப் போய் நிமிர்த்திப் பிடிப்பான். சர்வேயர் இங்கிருந்து கருவி வழியாகக் கோலில் உள்ள அளவுக் கோட்டைப் படிப்பார். படித்து முடித்ததும் வலது கையைத் தலைக்கு மேல் நேராக உயர்த்துவார். அந்தக் கை உயரும்வரை கோல் பிடிப்பவன் அசையக் கூடாது. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் சரி, காலில் முள் குத்தினாலும் சரி. அதுதான் அந்தத் தொழிலின் சட்டம்.

முதல் நாள் காலை இளையாளும் ஆசைப்பட்டுக் கண்ணை வைத்துப் பார்த்தாள். உதவியாள் வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கினான். சிரிப்பு தாங்கவில்லை.

"பழைய கருவி. எல்லாத்தையும் தலைகீழாத்தான் காட்டும். கண்ணு பழகிடும்," என்றார் அவர்.

வெயில் ஏறினால் தரை நடுங்கத் தொடங்கும், கோலின் கோடுகள் நெளியும். அதற்குமேல் எடுக்கிற அளவெல்லாம் தப்பாகிவிடும். அதனால் ஆட்கள் ஜீப்பில் ஏறிக் கூடாரத்துக்குப் போய்விடுவார்கள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

ஆனால் உச்சிப் பொழுதில் சர்வேயர் மறுபடி கருவியிடம் போவார்.

அளக்கவே முடியாத நேரத்தில் அளவுக்காரருக்கு அங்கே என்ன வேலை?

கேட்டால், "துடைக்கிறேன்" என்றார். துடைப்பதற்கு எதற்குக் குளியல்? எதற்கு முகச்சவரம்? மத்தியானத்துக்கு முன்னால் பளிச்சென்று சவரம் செய்து, சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு போய் நிற்பார். சாயங்காலம் இளையாள் தலைவாரிப் பொட்டு வைத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், கசங்கிய பனியனோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வேறொருத்தியாக இருந்தால் புருஷனின் சட்டைப்பையைத் துழாவியிருப்பாள். இவளுக்கு வில்லைகள் தெரியும். அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும், தூரத்துக்கேற்பத் தெளிவைத் திருத்தும் திருகை இம்மிகூடத் தொடாமல் கருவியில் கண்ணை வைத்தாள். பக்கத்து முள்செடி மங்கலாக இருந்தது. தூரத்துக் குன்றும் மங்கல்தான். இரண்டுக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத வெற்று உப்புத்தரை மட்டும் துல்லியமாகத் தெரிந்தது.

ஒன்றுமில்லாத இடத்தை ஒரு மனுஷன் இவ்வளவு அக்கறையோடு கூர்மையாக்கி வைப்பானா?

ஒருநாள் மத்தியானம் அவர் தண்ணீர் குடிக்க உள்ளே போன இடைவெளியில் ஓடிவந்து பார்த்தாள்.

வானம் கீழே கிடந்தது. முள்செடி தலைகீழாகத் தொங்கியது.

நடுவில் ஒருத்தி நேராக நின்றாள்.

கையில் அளவுக்கோல். துணி காற்றில் படபடத்தது. கோலை அணைத்துப் பிடித்து, இந்தப் பக்கமே பார்த்தபடி அசையாமல் நின்றாள். தலைகீழாகக் காட்டும் கருவியில் நேராகத் தெரிகிறாள் என்றால், அங்கே அவள் தலைகீழாக இருக்க வேண்டும். கானலின் பிம்பம் மாதிரி. ஆனால் பிம்பம் இருந்தால் அதை ஒட்டி அசல் ஆளும் தெரிய வேண்டும். அசலைக் காணவில்லை. பிம்பம் மட்டும்.

முகம் தெரியவில்லை. அழகி என்பது தெரிந்தது. எப்படி என்று கேட்காதீர்கள். சக்களத்திக்குத் தெரியும்.

நியாயமாக அவள் பயந்திருக்க வேண்டும். ஆனால் வந்தது பயமில்லை. எரிச்சல்.

அன்று சாயங்காலம் நேராகவே கேட்டாள்.

"யாருங்க அவ?"

அவர் சுவரை விரலால் சுரண்டினார். சுவரிலிருந்து உப்பு உதிர்கிற சத்தம்கூடக் கேட்டது.

"மூத்தவ. அப்பவும் இதே வீடுதான். ஒருநாள் கோல் பிடிக்கிற ஆள் வரலை. அவளே போய்ப் பிடிச்சா. வெயில் ஏறிடுச்சு. கோடெல்லாம் ஆட ஆரம்பிச்சுது. இனி முடியாதுன்னு நான் உள்ளே வந்து படுத்துட்டேன். அவளே வந்துடுவான்னு நினைச்சேன்." தன் வலது கையைப் பார்த்தார். "கை காட்டலை நான்."

"அதுக்காக அங்கேயே நின்னாங்களா?"

"நின்னா."

தேடிப் போனபோது கோல் மட்டும் கிடந்ததாம். உடம்பு கிடைக்கவில்லை.

"சரி, அன்னிக்குத்தான் காட்டலை. இப்பவாவது காட்டி அனுப்பி வைக்கலாமில்ல?"

"காட்டினா போயிடுவாளே," என்றார். "அப்புறம் எனக்குத் தெரிய மாட்டாளே."

இளையாளுக்கு நெஞ்சு வெந்தது. செத்த பிறகும் ஒருத்தியை வெயிலில் நிறுத்திவைத்துத் தினமும் பார்க்கிறாராம். பக்கத்தில் ரத்தமும் சதையுமாக ஒருத்தி உட்கார்ந்திருப்பது கண்ணில் படவில்லையாம். இவள் காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியில் ஒரு கை வைத்திருப்பாரா? அந்தக் கண்களின் தேடல் முழுவதும் அங்கே போனால் இவளுக்கு மிஞ்சுவது என்ன?

அவளை அனுப்பிவிட வேண்டும். அப்போதுதான் இவர் எனக்கு. இந்த ஒரே நினைப்போடு ராத்திரி முழுவதும் புரண்டாள்.

மறுநாள் உச்சிப் பொழுது. பின்பக்கம் சர்வேயர் குளித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம். இளையாள் கருவியில் கண்ணை வைத்தாள்.

நின்றாள், அதே இடத்தில், அதே மாதிரி.

"போதும் நின்னது," என்று இளையாள் வாய்க்குள் சொன்னாள். "உன் வேலை முடிஞ்சுது. கிளம்பு."

வலது கையைத் தலைக்கு மேல் நேராக உயர்த்தினாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு கோல் மெல்லச் சாய்ந்தது. அவள் அதைத் தோளில் எடுத்து வைத்தாள். வேலை முடிந்த களைப்பில் யாரும் வைப்பது போல.

தொட்டியில் கல் விழுந்தது மாதிரி அந்தக் காட்சி கலங்கியது. தெளிந்தபோது அவள் தலைகீழாக இருந்தாள். முள்செடியைப் போல. குன்றைப் போல.

இளையாளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அந்தக் கருவியில் நிஜமான எதுவும் தலைகீழாகத்தான் தெரியும்.

அவள் நடந்து வந்தாள்.

அங்கிருந்து போவாள் என்றுதான் இளையாள் நினைத்தாள். எங்கே போவாள் என்று நினைக்கவில்லை. கை காட்டியதும் கோல் பிடிப்பவர்கள் எங்கே போவார்கள்? கருவி இருக்கிற இடத்துக்குத்தானே வருவார்கள்!

கண்ணை எடுத்து வெறுங்கண்ணால் பார்த்தாள். வெள்ளைத் தரை. பளபளக்கும் இல்லாத தண்ணீர். ஆள் நடமாட்டமே இல்லை.

மறுபடி கண்ணை வைத்தாள். உருவம் மங்கியிருந்தது. பக்கத்தில் வந்துவிட்டால் திருகைத் திருப்பினால்தான் தெளியும். திருப்பினாள். தெளிந்தது. உடனே மங்கியது. மறுபடி திருப்பினாள்.

இப்போது வெடித்த உதடுகள் தெரிந்தன.

திருப்பினாள்.

திருகு நின்றுவிட்டது. அதற்குமேல் பக்கத்தில் இருப்பதை அந்தக் கருவியால் காட்ட முடியாது. கண்ணுக்குள் மங்கலாக ஒரு கருமை மட்டும் நிறைந்தது.

தலையை உயர்த்தினாள். முன்னால் யாருமில்லை.

காய்ந்த உப்பும், வியர்வையில் ஊறிய துணியும் கலந்த வாடை அவளைத் தாண்டிப் போனது.

வராந்தாச் சுவரில் நீளமான கோலைச் சாய்த்து வைக்கிற சத்தம்.

ஒரு பெருமூச்சு.

அறைக்குள் பானையின் மூடி நகர்ந்தது. பிறகு யாரோ தண்ணீர் குடித்தார்கள். மடக் மடக்கென்று, நிறுத்தாமல், மூச்சு வாங்காமல். எத்தனையோ வருஷத்துத் தாகம்.

ஈரத் தலையோடு சர்வேயர் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். அறையின் மூலையைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரமாயிடுச்சு உனக்கு," என்றார்.

அந்தக் குரலை இளையாள் கேட்டதே இல்லை. அப்படி ஒரு குரல் அவருக்கு உண்டு என்பதே தெரியாது. வெளியே வருகிற யாருக்கோ வழிவிட்டு, அவர் ஒருக்களித்து ஒதுங்கி நின்றார்.

"என்னங்க... நான் இங்கே இருக்கேன். இங்கே பாருங்க."

திரும்பினார். கடையில் அந்த எழுத்துப் பலகையைப் பார்த்த மாதிரியே பார்த்தார். அவளைத் தாண்டி, தூணைத் தாண்டி. நடுவில் எதுவுமே நிற்காத மாதிரி.

அவள் அழவில்லை, கத்தவில்லை. அங்கே தனக்கு இடமில்லை என்பது தெரிந்துவிட்டது. ஜீப் வந்ததும் கட்டிய துணியோடு ஏறிக்கொண்டாள். வழி நெடுக டிரைவர் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

பிறகு நடந்தது இவ்வளவுதான். சாலை ஏரியைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போனது. ஆட்கள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போனார்கள். சர்வேயர் மாற்றலை மறுத்து, வேலையை விட்டுவிட்டு அந்த வீட்டிலேயே தங்கிவிட்டார். வாரம் ஒருமுறை சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிற டிரைவர், ஒருநாள் கண்ணாடிக் கடைக்கு வந்தபோது இளையாளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"நல்லாத்தான் இருக்கார் அக்கா. கொஞ்சம் சதைகூடப் போட்டிருக்கார். சிரிச்சுப் பேசறார்."

"யார்கிட்ட?"

அவன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, போகும்போது கேட்டான்.

"நேத்து மத்தியானம் அந்தப் பக்கம் வந்திருந்தீங்களா?"

"நானா? கடையை விட்டு நகரலையே."

"இல்ல... ஏரி நடுவுல, கானலுக்குள்ள. நீங்கதான். ஒத்தைக் கையைத் தூக்கிக்கிட்டு நின்னீங்க. ஹாரன் அடிச்சுப் பார்த்தேன். கையை இறக்கவே இல்லை."

அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் மத்தியானத்தில் போவதில்லை. சாமான்களைக் காலையிலேயே வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுகிறான். இளையாள் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா வீட்டு மாடியில் இருக்கிறாள், கடைக்குப் போகிறாள், வில்லை தேய்க்கிறாள். உச்சிப் பொழுதில் மட்டும் கடைக்காரர் அவளுக்கு வேலை கொடுப்பதில்லை. வெயில் சாயும்வரை அவளுடைய வலது கை தோளிலிருந்து மரத்துக் கிடக்கும். தொட்டால் சுடும்.