இரும்புக் கையுறைக்குள் ஒரு கை

"லடீனா, இங்க வாயேன். சத்தம் போடாம வா!"

கோட்டையின் ஆயுத அறையிலிருந்து ஃப்ளூரின் கெஞ்சினான். அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது.

கோட்டையைச் சுற்றிப் பார்க்க வந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் டீச்சருக்குப் பின்னால் அடுத்த அறைக்குப் போயிருந்தார்கள். லடீனா மட்டும் திரும்பி வந்தாள்.

ஃப்ளூரினின் வலது கை ஓர் இரும்புக் கையுறைக்குள் இருந்தது. ஐந்நூறு வருடங்களுக்கு முன்னால் ஒரு குதிரை வீரன் போட்டிருந்த கையுறை அது. பக்கத்திலேயே ‘தொடாதீர்கள்’ என்று பலகை.

"உனக்குப் படிக்கத் தெரியாதா?"

"தெரியும். சும்மா ஒரு தடவை போட்டுப் பாத்தேன். இப்ப கழட்ட முடியல. பலமா இழு!"

"ஐயோ, பிஞ்சுடும்! நான் போய்ச் சொல்றேன்."

"வேண்டாம், திட்டுவாங்க!"

"அப்ப இதோடயே வீட்டுக்குப் போறியா?"

லடீனா ஓடிப்போய்க் கோட்டைக் காவலர் காஃப்லிஷை அழைத்து வந்தாள். அவரும் திருகிப் பார்த்தார். கையுறை அசையவில்லை.

"அறுத்துத்தான் எடுக்கணும்."

"கையையா?" என்று ஃப்ளூரின் அலறினான்.

"கையுறையைடா! இத்தனை வருஷமா ஒரு கீறல் படாம இருந்தது." அவர் அதை மெல்லத் தடவினார்.

லடீனா உற்றுப் பார்த்தாள். கையுறையின் இரும்பு விரல்கள் இறுக மடங்கியிருந்தன.

"ஃப்ளூரின், உள்ள கையை மூடி வச்சிருக்கியா?"

"பயமா இருக்கு லடீனா. விரல் என் பேச்சைக் கேக்கல."

"சரி, கல்லு, காகிதம், கத்தரி விளையாடுவோம். அந்தக் கையாலதான்."

"இப்பவா?"

"இப்பத்தான். ஒண்ணு, ரெண்டு, மூணு! நீ கல்லு, நான் காகிதம். நான் ஜெயிச்சேன்!"

மறுபடியும் அதேதான் நடந்தது. ஃப்ளூரினுக்குக் கோபம் வந்தது. "இது அநியாயம்!"

"அடுத்து நான் கல்லுதான் போடுவேன். முடிஞ்சா ஜெயிச்சுக் காட்டு. ஒண்ணு, ரெண்டு, மூணு!"

"காகிதம்!" என்று கத்தினான் ஃப்ளூரின். கிறீச்சென்று இரும்பு விரல்கள் நிமிர்ந்தன. காஃப்லிஷ் சட்டென்று கையுறையை உருவினார்.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. அப்படியே நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார்.

"மன்னிச்சிடுங்க ஐயா. இனிமே தொடமாட்டேன்" என்றான் ஃப்ளூரின். அவர் அவன் கையைப் பிடித்து, சிவந்திருந்த இடத்தைத் தேய்த்துவிட்டார்.

அறையை விட்டு வெளியே வந்ததும் அவன் சொன்னான், "பாத்தியா, கடைசியில நான்தான் ஜெயிச்சேன்!"

லடீனா சிரித்துவிட்டாள். ஆட்டத்தில் தோற்றதற்காக அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.