சாம்பல் கோட்டுக்கு மேலே

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில், கல்லாகிப்போன உயிர்த்தடங்களுக்கு இப்போது யாரும் பெயர் வைக்க மெனக்கெடுவதில்லை. தடப்பெயரி இருக்கிறது. பாறையில் ஏதாவது தடம் தென்பட்டால் கருவியை அதன்மேல் பிடிக்க வேண்டும். மூன்று நொடியில் பெயர் வரும். ஏற்கெனவே பெயருள்ள தடமென்றால் பச்சை விளக்கு, உடைக்கலாம். புதியதென்றால் சிவப்பு, அந்த அடுக்கை யாரும் தொடக்கூடாது. ஒன்பது ஆண்டுகளில் சிவப்பு எரிந்து ஒருவரும் பார்த்ததில்லை.

குணசுந்தரி நான்காவது முறையாகக் கருவியைப் பிடித்தாள். பச்சை.

உள்ளங்கை அகலத்தில் கல்லில் ஒரு நட்சத்திரம். கடலடிச் சேற்றில் வளை தோண்டி வாழ்ந்த ஏதோ ஒரு பிராணி, நடுக்குழியில் இருந்தபடியே திசைக்கொரு முறை தலையை நீட்டி மேய்ந்த தடம். பிராணி கரைந்துவிட்டது, மேய்ச்சல் மட்டும் கல்லாகி நின்றது. இத்தகைய நட்சத்திரங்களை வகைப்படுத்துவதிலேயே அவளுக்கு முப்பது ஆண்டுகள் போயிருந்தன. தடப்பெயரிக்குக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான்.

ஆனால் இந்த நட்சத்திரம் சாம்பல் கோட்டுக்கு மேலே இருந்தது. சுவரில் விரல் தடிமனுக்கு ஓடும் அந்தக் கோடு, ஒரு காலத்தில் கடலே செத்ததன் அடையாளம். அதற்கு மேல் இரண்டு முழத்துக்கு ஒரு சிப்பிகூடக் கிடையாது. அங்கே ஒன்று உயிரோடு இருந்திருக்கிறது. அதன் பதினோரு கைகளும் நுனியில் கீழ்நோக்கி வளைந்து, செத்த சேற்றைத் துளைத்துக்கொண்டு இறங்கியிருந்தன.

"பன்னெண்டு மணிக்கு வெடி மேடம்," என்றான் லியாகத். வெடிப் பிரிவின் மேற்பார்வையாளன். "வேணும்னா இந்தக் கல்ல மட்டும் அறுத்துக் குடுக்கச் சொல்றேன்."

"ஒரு கல்ல வெச்சுக்கிட்டு என்ன பண்ண லியாகத்? காத்தே இல்லாத சேத்துல இது எப்படிப் பொழைச்சுதுன்னு தெரியணும். அதுக்கு அடுக்கு முழுசா வேணும்."

லியாகத்தின் மச்சான் நாகப்பட்டினத்தில் படகை விற்றுவிட்டு இங்கே லாரி ஓட்ட வந்திருந்தான். வங்கக் கடலின் அடிச்சேறும் காற்றில்லாமல் அழுகிப்போய் மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. வலையில் நுரைதான் ஏறியது.

"மேல எழுதிப் போடுங்க மேடம். சுரங்க வாரியத்துலேருந்து உடனே பதில் வருதுங்கறாங்க."

அவள் பாறையில் உட்கார்ந்தே ஆட்சேபணை எழுதினாள். கைகளின் கோணம், ஆழம், வளைவு எல்லாவற்றையும் அளந்து சேர்த்தாள். அனுப்பிய மறுகணமே பதில் வந்தது. ஆட்சேபணைகளையும் இப்போது தடப்பெயரியே வகை பிரிக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. 'பழைய வகை. ஏற்கெனவே பதிலளிக்கப்பட்டது.'

மறுபடி எழுதினாள். இம்முறை அளவுகள் இல்லை. அழுகிய கடலைப் பற்றியும் வெறும் வலைகளைப் பற்றியும் எழுதினாள். அதே பதில். மூன்றாவதில் கெஞ்சினாள். ஒரு மாதம் போதும், ஒரு வாரம் போதும் என்றாள். அதே பதில்.

"யாருக்கு என்ன பதில் சொன்னாங்களாம்? அதையாவது தொறந்து பாருங்க," என்றான் லியாகத்.

திறந்தாள்.

'கைகளின் எண்ணிக்கையும் வளைவும் புதிய பெயருக்குப் போதுமான காரணங்கள் ஆகா. நாம் பெயரிடுவது தடத்துக்கு. அதைப் போட்ட பிராணி எப்படி வாழ்ந்தது என்பது நம் கேள்வியல்ல.'

வாக்கியங்கள் அவளுடையவை. பதினான்கு ஆண்டுகளுக்கு முன், சவரிராயன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு அவள் எழுதிய கடிதம். ஆளாளுக்கு ஒரு நட்சத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து புதுப்பெயர் கேட்ட காலம் அது. அந்தக் குழப்பத்துக்கு முடிவுகட்டியவள் என்று அவளைப் பாராட்டினார்கள்.

சங்கு ஊதியது. லியாகத் அவள் கையைப் பிடித்து எழுப்பி, தடுப்புச் சுவருக்குப் பின்னால் அழைத்துப் போனான். நிலம் அதிர்ந்தது. வெள்ளைத் தூசி மெல்லப் பரவி இருவர் மேலும் படிந்தது.

சவரிராயனின் விண்ணப்பமும் கீழே இணைக்கப்பட்டிருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தாள். ஒரு கிணற்று வெட்டில், சாம்பல் கோட்டுக்கு மேலே கிடைத்ததென்று அவரும் எழுதியிருந்தார். கிணற்றை மூடப்போகிறார்கள், ஒருமுறை நேரில் வந்து பாருங்கள் அம்மா என்று கேட்டிருந்தார்.

அவள் போய்ப் பார்க்கவில்லை.